பாலமீன்மடு வெளிச்சவீடு: படகில் ஏறாமல் திரும்பாதீர்கள்

மட்டக்களப்பு டவுனிலிருந்து பார் வீதியால் நேரே போனால் ஏறக்குறைய 5 கிலோமீற்றர். பாலமீன்மடுவில் வெள்ளை வெளிச்சவீடு தூரத்திலேயே தெரியும், வழி கேட்கத் தேவையில்லை. 1913இல் கட்டியது, உயரம் 28 மீற்றர். அண்ணாந்து பார்த்து இரண்டு படம் எடுத்தால் கோபுரத்தின் கதை முடிந்தது. நாங்கள் போன அன்று கதவு பூட்டியிருந்ததால் மேலே ஏறும் பேச்சே எழவில்லை. வரலாற்றைச் சொல்லும் பலகை ஏதும் என் கண்ணில் படவுமில்லை.

இத்தனைக்கும் சொல்ல விசயம் இருக்கிறது. மட்டக்களப்புக்கு ரயில் வந்தது 1928இல்தான். அதற்கு முன் தீவைச் சுற்றி ஓடிய நீராவிக் கப்பல்களை நம்பித்தான் ஊர் இருந்தது. வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் மணல் திட்டு கிடப்பதால் பெரிய கப்பல் வாவிக்குள் நுழைய முடியாது, வெளியே நங்கூரம் போட்டுத்தான் நிற்கும். இருட்டில் வருகிறவனுக்குக் கரையைக் காட்ட ஒரு விளக்கு வேண்டாமா?

அந்த மணல் திட்டைக் கரையில் நின்று பார்த்தால் ஒன்றும் விளங்காது. படகில் போகவேண்டும். கண்டல் மரங்களின் வேர்களை உரசிக்கொண்டு போய், முகத்துவாரத்தை நெருங்கியதும் தண்ணீரின் நிறமே மாறுகிறது. இந்தப் பக்கம் பாசி கலந்த பச்சை, அந்தப் பக்கம் நுரை. இரண்டும் முட்டுகிற இடத்தில் ஒருவர் இடுப்பளவு தண்ணீரில் நின்று வீச்சுவலை எறிந்துகொண்டிருந்தார்.

என் மாமி கொக்கட்டிச்சோலைக்காரி. வெளிச்சவீட்டை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. முகத்துவாரத்தைக் கண்டதும்தான் எழும்பி உட்கார்ந்தார். "இதையா மருமகன் வெட்டுறண்டு சொல்றது? இவ்வளவு மண்ணா?" மாரியில் வாவி நிரம்பினால், வாவிக்கு மேற்கே மாமியின் ஊர் இருக்கிற படுவான்கரைப் பக்கத்து வயல்கள் மூழ்கிவிடும். முகத்துவாரத்தை வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விடும்வரை மாமி வீட்டில் வேறு கதை இருக்காது. ஆயுள் முழுக்கப் பேரை மட்டும் கேட்டுவந்த இடம் அவருக்கு.

சரி, குறைகளையும் சொல்லவேண்டும். நாங்கள் ஏறிய படகில் பெரியவர்களுக்கான லைஃப் ஜாக்கெட்தான் இருந்தது. ஐந்து வயது மகளுக்கு அது தோளால் கழன்றுகொண்டே வந்தது. சின்ன அளவு இருக்கிறதா என்று கேட்டுவிட்டு ஏறுங்கள், விலையையும் முன்கூட்டியே பேசுங்கள். கரையோரம் ஷொப்பிங் பைகளும் போத்தல்களும் ஒதுங்கிக் கிடக்கின்றன. அதை ஊர்க்காரர் நாம்தான் போட்டிருப்போம், யாரைக் குறை சொல்ல?

பகலில் போகவேண்டாம், நிழல் குறைவு. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் மண் கொதிக்கும். நாலு மணிக்குப் பிறகு போனால் வாவிப் பக்கம் சூரியன் விழுவதையும் பார்க்கலாம். மார்கழி மழையில் படகுச் சவாரியை மறந்துவிடுங்கள். வெளிச்சவீட்டுக்கு 5இல் 2, படகுக்கு 4. ஜாக்கெட் சரியாக இருந்திருந்தால் இன்னும் ஒன்று கூட்டியிருப்பேன்.