நூறு இருபது ரூபாய் பெறப்பட்டது: சவுண்ட் பாக்ஸோடு இரண்டு ஆண்டுகள்

கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு எதிரே, எட்டு அடிக்குப் பத்து அடி அளவில் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். அங்கே என்னைவிட உரக்கவும், எங்கள் தெருவில் யாரும் பேசாத செந்தமிழிலும் பேசுகிற ஒரு பெட்டி இரண்டு ஆண்டுகளாகக் குடியிருக்கிறது. கல்லாவுக்கு மேல், பேனா டப்பாவுக்கும் பிள்ளையார் படத்துக்கும் நடுவே உட்கார்ந்திருக்கும் அதை வாடிக்கையாளர்கள் ஸ்பீக்கர் என்கிறார்கள். கொடுத்த நிறுவனம் சவுண்ட் பாக்ஸ் என்கிறது. யுபிஐ வழியாகக் கடைக் கணக்குக்குப் பணம் வந்தால், எவ்வளவு வந்தது என்று அறிவிப்பதே அதன் ஒரே வேலை. எந்த நிறுவனத்தின் பெட்டி என்பதை இங்கே எழுதப் போவதில்லை. இந்தப் பெட்டியை வாங்கலாமா என்று கேட்கிற சிறு கடைக்காரர்களுக்கு என் அனுபவம் உதவும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

பெட்டி வருவதற்கு முன்பு மாலை நாலேகால் மணி, அதாவது பள்ளி விடும் நேரம், எப்படி இருந்தது என்பதைச் சொன்னால்தான் அதன் அருமை புரியும். ஒருவருக்கு ஆதார் நகல் வேண்டும், இன்னொருவருக்கு சார்ட் பேப்பர் வேண்டும், நாளைக்குள் ஒட்டியாக வேண்டிய காந்தி படத்துக்காக ஒரு அம்மா தவித்துக்கொண்டிருப்பார், இவர்களுக்கிடையே ஏழெட்டுக் கைகள் ஒரே நேரத்தில் கைப்பேசித் திரையை என் முகத்துக்கு நேரே நீட்டி, "அண்ணா, போட்டாச்சு, பாத்துக்கங்க" என்று சொல்லும். பச்சை நிறத்தில் ஒரு சரிக்குறி தெரியும். அது இன்றைய சரிக்குறியா, நேற்றைய ஸ்கிரீன்ஷாட்டா, பணம் என் பெயருக்கு வந்ததா அல்லது பக்கத்து டீக்கடைக்குப் போனதா என்பதைப் பார்ப்பதற்குள் கை பின்வாங்கிவிடும். என் கைப்பேசிக்கு வரும் குறுஞ்செய்தியோ, கூட்டம் கலைந்த பிறகு நிதானமாக வந்து சேரும். "வந்துச்சா, இல்லையா?" என்று திருப்பிக் கேட்பது அதைவிடச் சங்கடம். தெரிந்தவர்களிடம் கேட்டால் நம்மைச் சந்தேகப்படுகிறானே என்று முகம் வாடும். தெரியாதவர்களிடம் கேட்டால் சண்டை வரும். வண்ண நகல்கள் 240 ரூபாய்க்கு எடுத்துக்கொண்டு, அதே திரையைக் காட்டி, அதே புன்னகையோடு ஒருவர் போனார். அந்த 240 ரூபாய் இன்றுவரை வரவில்லை.

இந்த ஒரு கேள்வியைக் கடையிலிருந்து ஒழித்ததுதான் பெட்டி செய்த ஆகப் பெரிய உதவி. இப்போது வாடிக்கையாளரும் நானும் ஒருவரை ஒருவர் பார்ப்பதில்லை. இருவரும் பெட்டியைப் பார்க்கிறோம். அது பேசியதும் அவர் தலையசைத்துவிட்டுப் போகிறார். பேசாவிட்டால் அவரே, "இருங்க, இன்னொரு தடவ பாக்கறேன்" என்கிறார். சந்தேகப்படும் வேலையை இயந்திரம் எடுத்துக்கொண்டதால், மரியாதையாக நடந்துகொள்ளும் வேலை மட்டும் எனக்கு மிஞ்சியிருக்கிறது.

இதைவிட எனக்குப் பயன்பட்டது இன்னொன்று. கடையில் உதவிக்கு ஓர் அக்கா வருகிறார். பணம் வந்த செய்தி என் கைப்பேசிக்கு மட்டுமே வந்துகொண்டிருந்த காலத்தில், பேப்பர் ரீம் வாங்க நான் தஞ்சாவூர் போனால், அவர் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை அழைத்து, "தம்பி, பதினெட்டு ரூவா வந்துச்சான்னு பாருங்க" என்பார். நான் பேருந்தில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பார்த்துச் சொல்ல வேண்டும். பெட்டி வந்த பிறகு அந்த அழைப்புகள் நின்றுவிட்டன. முதலாளியின் கைப்பேசி கடையில் இல்லாவிட்டாலும் கடை நடக்கும் என்ற நிலையை உண்டாக்கியதற்காகவே இதற்கு முழு மதிப்பெண் தரலாம்.

பெட்டிக்குக் கீழே ஒட்டியிருக்கும் க்யூஆர் கோடு 1994ஆம் ஆண்டு ஜப்பானில், டென்சோ நிறுவனத்தில் மசாஹிரோ ஹாரா என்பவரின் குழு கார் உதிரிபாகங்களை அடையாளம் காண்பதற்காக உருவாக்கியது. அதன் பிழை திருத்தும் வசதியை உயர்ந்த அளவில் வைத்தால், சுமார் 30 விழுக்காடு அழிந்துபோனாலும் படிக்க முடியும் என்பது அதன் சிறப்பு. டோனர்த் தூளும் தேநீர்க் கறையும் படிந்து, ஒரு மூலை கிழிந்துபோன என் அட்டை இன்னும் வேலை செய்வது அதனால்தான். ஆனால் அந்த அட்டைக்கு வாய் கிடையாது. அதன் மேல் யாராவது தன்னுடைய அட்டையை ஒட்டிவிட்டுப் போனால், பகல் முழுவதும் அவருக்குப் பணம் போய்க்கொண்டிருக்கும், நமக்குத் தெரியாது. பெட்டி இருக்கிற கடையில் அந்தத் திருட்டு முதல் வாடிக்கையாளரிடமே அம்பலமாகிவிடும்.

வேலை செய்யும் விதம் எளிமையானது. பணம் கணக்கில் சேர்ந்த செய்தி நிறுவனத்தின் கணினியிலிருந்து, பெட்டிக்குள் இருக்கும் சிம் வழியாக வந்து சேர்கிறது. முன்பே பதிவுசெய்து வைத்த ஒலித்துண்டுகளைப் பெட்டி கோத்துப் பேசுகிறது. ரயில் நிலையத்தில் "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று தொடங்கி, வண்டி எண்ணை ஒவ்வோர் இலக்கமாகக் கோத்துச் சொல்கிறார்களே, அதே முறைதான். கோளாறும் அங்கேதான் இருக்கிறது.

பெட்டியைப் பொருத்த வந்த இளைஞர் அதை இந்தியில் விட்டுவிட்டுப் போய்விட்டார். இரண்டு நாள் என் கடையில் இந்தி ஒலித்தது, ஒரு தாத்தா, "என்னப்பா, கட்சி மாறிட்டியா?" என்று கேட்டபோதுதான் செயலிக்குள் மொழியை மாற்றும் இடத்தைத் தேடிக் கண்டுபிடித்தேன். தமிழுக்கு மாறியதும் வேறொரு சிக்கல் தொடங்கியது. "வந்துருச்சு" என்று ஊரே சொல்லும் இடத்தில் பெட்டி "பெறப்பட்டது" என்று செயப்பாட்டு வினையில் பேசுவதைக்கூட ஒரு கம்பீரம் என்று ஏற்றுக்கொண்டோம். ஆனால் 120 ரூபாய் வந்தால் அது "நூறு இருபது ரூபாய் பெறப்பட்டது" என்கிறது. நூறு வந்ததா, இருபது வந்ததா, இரண்டும் வந்ததா என்று முதல் வாரம் அக்காவே குழம்பினார். 1,340 ரூபாய் வந்தால் "ஆயிரம் முந்நூறு நாற்பது" என்று மூன்று பேர் தனித்தனியாகப் பணம் கொடுத்ததைப்போல அடுக்குகிறது.

நாள்தோறும் குறுக்கெழுத்துப் புதிரை நகலெடுக்க வரும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், இதைக் கேட்ட நாளில் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு விளக்கினார். ஆங்கிலத்தில் நூறு என்ற சொல் தனியே நின்றாலும் சேர்ந்து நின்றாலும் ஒன்றுதான். தமிழில் அடுத்த எண்ணோடு சேரும்போது நூறு நூற்று ஆகும், ஆயிரம் ஆயிரத்து ஆகும். ஒன்றிலிருந்து தொண்ணூற்றொன்பது வரை தனித்தனியே பதிவுசெய்து வைத்திருப்பதால் இருபத்தைந்தைப் பெட்டி சரியாகவே சொல்கிறது, நூறைத் தாண்டியதும் தடுக்கி விழுகிறது. நூற்று, இருநூற்று என்று தொடங்கித் தொள்ளாயிரத்து வரை ஒன்பது, ஆயிரத்து தொடங்கி ஒன்பதாயிரத்து வரை இன்னும் ஒன்பது, ஆக 18 ஒலித்துண்டுகளைக் கூடுதலாகப் பதிந்தால் பத்தாயிரத்துக்குள் எல்லாம் சரியாகிவிடும் என்று அங்கேயே விரல்விட்டு எண்ணினார். என் கடைக்குப் பத்தாயிரத்துக்கு மேல் தேவைப்படப் போவதும் இல்லை. வேறொரு நிறுவனமான போன்பே, 2023ஆம் ஆண்டு அமிதாப் பச்சனின் குரலையே தன் பெட்டிக்குக் கொண்டுவந்தது. அந்தச் செலவில் நூற்றில் ஒரு பங்குகூட இந்தப் பதினெட்டுத் துண்டுகளுக்கு ஆகாது.

வாடகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பொருத்த வந்தவர் "இலவசம் சார்" என்றார். மூன்று மாதத்துக்கு மட்டும் இலவசம் என்பது நான்காம் மாதம் பணம் பிடித்தபோது தெரிந்தது. மாதம் 100 ரூபாய், அதற்கு 18 விழுக்காடு ஜிஎஸ்டி, ஆக 118 ரூபாய். ஒரு பக்கம் இரண்டு ரூபாய்க்கு நகல் எடுக்கும் கடையில் மாதத்துக்கு 59 பக்கம் பெட்டிக்காகவே ஓட வேண்டும். மின்சாரமும் தாளும் தனி. இருந்தாலும் இந்த வாடகை எதற்கு என்பது புரியாமல் இல்லை. 2016இல் இந்திய தேசியக் கொடுப்பனவுக் கழகம் (என்பிசிஐ) தொடங்கிய யுபிஐ, 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 2,000 கோடிப் பரிமாற்றங்களைக் கடந்தது. ஆனால் 2020 ஜனவரியிலிருந்து வங்கிக் கணக்கிலிருந்து நேரே வரும் யுபிஐ பணத்துக்குக் கடைக்காரரிடம் எம்டிஆர், அதாவது விற்பனைத் தொகையில் ஒரு பங்கைப் பிடிக்கும் கட்டணம், வசூலிக்க முடியாது. பணத்தைக் கடத்திக் கொடுப்பதில் வருமானம் இல்லாதபோது, பெட்டி வாடகையிலும், நம் விற்பனையைக் கணக்குப் பார்த்துக் கொடுக்கும் கடனிலும்தான் நிறுவனங்கள் சம்பாதிக்க வேண்டியிருக்கிறது. என் கடையில் எந்த மாதம் வியாபாரம் படுக்கும் என்பது என் மனைவிக்குத் தெரிவதற்கு முன்பே அவர்களுக்குத் தெரிந்து, "உங்களுக்காகவே ஒரு கடன் தயாராக உள்ளது" என்று செய்தி வந்துவிடுகிறது.

இரகசியம் காக்கத் தெரியாதது பெட்டியின் பிறவிக் குணம். ஒலியைக் குறைக்கப் பொத்தான் இருக்கிறது. மிகக் குறைந்த அளவில் வைத்தாலும் அடுத்த கடை வரை கேட்கும். ஒரு கல்லூரி மாணவர்க் குழு ஆய்வேடுகளைப் பைண்டிங் செய்துவிட்டு எட்டாயிரம் ரூபாயை ஒரே தவணையில் போட்டது. பெட்டி அதைத் தெருவுக்கே அறிவித்த அரை மணி நேரத்துக்குள் கோயில் திருவிழா ரசீதுப் புத்தகம் கடை வாசலில் நின்றது. தென் மாவட்டங்களில் மொய் எழுதும்போது பெயரையும் தொகையையும் ஒலிபெருக்கியில் வாசிக்கும் வழக்கம் உண்டு. 2021இல் மதுரையில் ஒரு திருமண அழைப்பிதழில் க்யூஆர் கோடு அச்சடித்திருந்தது செய்தியாகவும் வந்தது. மொய்ப் பந்தலில் இந்தப் பெட்டியை வைத்தால் வாசிக்கிற ஆளுக்குக் கொடுக்கும் கூலி மிச்சமாகும், ஆனால் யார் போட்டார்கள் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிடும். மொய்க்கு அது பெரிய குறைதான்.

இணைப்பு போனால் என்ன ஆகும் என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். மழை நாளில் சிக்னல் இல்லாமல் ஒரு மணி நேரம் ஊமையாக இருந்துவிட்டு, திரும்பி வந்ததும் நடுவில் வந்த பதினோரு தொகைகளையும் மூச்சுவிடாமல் ஒப்பித்தது. எது யாருடையது என்று பிரிப்பதற்கு நான் செயலியைத்தான் திறக்க வேண்டியிருந்தது. இன்னொரு நாள், கடையில் பிளக் பழுதானதால் சார்ஜ் போடுவதற்காக வீட்டுக்கு எடுத்துப் போனேன். இரவு பதினொன்றரை மணிக்கு இருட்டில், "நாற்பது ரூபாய் பெறப்பட்டது" என்று ஒரு பெண் குரல் கேட்டு என் அப்பா எழுந்து உட்கார்ந்துவிட்டார். கடன் சொல்லிவிட்டுப் போன ஒரு வாடிக்கையாளருக்கு அந்நேரத்தில்தான் மனசாட்சி உறுத்தியிருக்கிறது. அவர் முன்பு எப்போதோ அனுப்பிய கணக்கைத் தேடிப் பிடித்துப் பணம் போட்டிருக்கிறார்.

பள்ளிப் பிள்ளைகள் இதன் குரலை அப்படியே பேசிக் காட்டுகிறார்கள். எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒருவன் கைப்பேசியை அட்டைக்கு நேரே காட்டுவதைப்போல வெறுங்கையைக் காட்டி, "பத்து ரூபாய் பெறப்பட்டது" என்றான். நானும் இரண்டு பேனாவை எடுத்து நீட்டிவிட்டேன். அவன் சிரித்துவிட்டுப் பேனாவைத் திருப்பிக் கொடுத்தான். அன்றிலிருந்து பெட்டி பேசும்போது அதன் விளக்கு எரிகிறதா என்றும் பார்த்துக்கொள்கிறேன்.

வாங்கலாமா என்றால், ஒரு நாளில் முப்பது பேருக்கு மேல் ஸ்கேன் செய்யும் கடையாக இருந்தால் தயங்காமல் வாங்கலாம். வாடகை எப்போதிலிருந்து, எவ்வளவு, திருப்பிக் கொடுத்தால் முன்பணம் வருமா என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் கடைக்குள் எந்த நிறுவனத்தின் சிக்னல் கிடைக்கிறதோ அந்த சிம் உள்ளதையே கேளுங்கள். பத்துப் பேர்கூட ஸ்கேன் செய்யாத கடைக்கு இது வீண் செலவு.

போன மாதம் அதே இளைஞர் வந்து, திரையும் அட்டை தேய்க்கும் வசதியும் உள்ள புதுப் பெட்டியைக் காட்டினார். வாடகை 50 ரூபாய் கூடுதல். அதைப் பிறகு பார்க்கலாம், முதலில் இது நூற்றிருபது என்று சொல்லட்டும் என்றேன். ஆசிரியர் அழகான கையெழுத்தில் பதினெட்டு வடிவங்களையும் ஒரு தாளில் எழுதித் தந்திருந்தார். அதன் நகல் ஒன்றை எடுத்து இளைஞரிடம் கொடுத்தேன். அவர் படம் பிடித்துப் புகாராகப் பதிவு செய்தார். மூன்றாம் நாள் காலையில், தங்கள் புகார் தீர்க்கப்பட்டது என்று குறுஞ்செய்தி வந்தது. சற்று நேரத்தில் ஒருவர் வந்து அறுபது பக்கம் நகல் எடுத்துவிட்டு 120 ரூபாய் போட்டார். நானும் அக்காவும் ஆசிரியரும் வேலையை நிறுத்திவிட்டுக் காத்திருந்தோம். "நூறு இருபது ரூபாய் பெறப்பட்டது" என்றது பெட்டி.