ஃபைபர் லிங்கில் பிழை: சுவிட்ச் கவுன்ட்டரா, ஓடிடிஆரா?

லிங்க் அறுபடவில்லை, ஆனால் சிஆர்சி பிழை (வழியில் தரவு சிதைந்ததைக் காட்டும் எண்ணிக்கை) ஏறிக்கொண்டே போகிறது. சுவிட்ச் காட்டும் எண்களே (கவுன்ட்டர்) போதுமா, ஃபைபருக்குள் ஒளியை அனுப்பி, திரும்பி வருவதை அளக்கும் ஓடிடிஆர் கருவி வேண்டுமா?

செலவு
கவுன்ட்டர்: தனியாக எதுவும் இல்லை.
ஓடிடிஆர்: விலை அதிகம். எப்போதாவதுதான் தேவை என்றால் வாடகைக்கு எடுக்கலாம்.

கண்காணிப்பு
கவுன்ட்டர்: இரவு பகலாக எண்ணும். எஸ்என்எம்பி (நெட்வொர்க் கருவிகளிடம் தகவல் கேட்டு வாங்கும் முறை) வழியே எடுக்கும்போது 64 பிட் கவுன்ட்டரையே எடுங்கள். 10 ஜிபிபிஎஸ் முழு வேகத்தில், பைட்டுகளை எண்ணும் 32 பிட் கவுன்ட்டர் சுமார் 3.4 வினாடியில் நிரம்பி மறுபடி பூஜ்யத்துக்கு வந்துவிடும். அப்புறம் டிராஃபிக் கிராஃபை நம்பவே முடியாது.
ஓடிடிஆர்: அளக்கும் நேரத்து நிலையை மட்டும் காட்டும்.

காரணம்
கவுன்ட்டர்: சுவிட்சில் செருகும் ஒளி மாட்யூல் சொல்லும் ஒளி அளவு 3 டெசிபல் வரை பிசகலாம். அதனால் ஒரு நாள் அளவை விட, அது போகும் போக்கே முக்கியம். வந்து சேரும் ஒளி குறையக் குறையப் பிழை ஏறினால் பாதையைச் சந்தேகிக்கலாம். ஒளி சரியாக இருந்தும் பிழை வந்தால் முதலில் மாட்யூலை மாற்றிப் பாருங்கள்.
ஓடிடிஆர்: கோளாறு எத்தனையாவது மீட்டரில் என்றே சொல்லும். 1310, 1550 நானோமீட்டர் அலைநீளம் இரண்டிலும் அளக்க வேண்டும். 1310ஐ விட 1550இல் இழப்பு மிகுந்து தெரிந்தால் கேபிள் எங்கோ மடங்கியிருக்கிறது. லாஞ்ச் கேபிள் (கருவிக்கும் லிங்குக்கும் நடுவே போடும் நீள ஃபைபர்) இல்லாமல் முதல் கனெக்டரின் இழப்பை அளக்க முடியாது.

ஒரே கட்டடத்துக்குள் ஓடும் லிங்க் என்றால் கவுன்ட்டரும் கனெக்டர் துடைக்கும் கிட்டும் போதும். தெருவுக்கடியில் பல கிலோமீட்டர் போகும் கேபிளுக்கு ஓடிடிஆர் கட்டாயம். இல்லாவிட்டால் எங்கே தோண்டுவது என்றே தெரியாது.