சூத்திரமா, படமா?

மும்பையில் தாராவி, மாட்டுங்கா பக்கம் மாலை வேளையில் நம் பிள்ளைகளுக்குப் பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் சொல்லித்தருபவர்களிடம் இரண்டு வழிகளைப் பார்க்கலாம். சூத்திரத்தைக் கொடுத்து எண்களைப் போடச் சொல்வது ஒன்று. விசைப் படம், அதாவது ஒரு பொருள் மேல் செயல்படும் விசைகளை அம்புகளாகக் காட்டும் படம், வரையாமல் கணக்கைத் தொடவே விடாதது இன்னொன்று. நான் இரண்டாவது கட்சி.

லிஃப்ட் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 50 கிலோ நிறையுள்ள ஒருவர் நிற்கும் லிஃப்ட் கீழே இறங்குகிறது. 2 மீ/வி² வீதத்தில் வேகம் குறைந்து நிற்கப்போகிறது. தரை அவரைத் தாங்கும் விசை எவ்வளவு? "இறங்குதுன்னா கழிக்கணும்ல அண்ணா?" என்று கேட்டபடியே, சூத்திரத்தை நம்பிய பிள்ளை 50 × (9.8 − 2) = 390 நியூட்டன் என்று எழுதிவிடும் (9.8 என்பது புவியீர்ப்பு முடுக்கம்). படம் வரைகிற பிள்ளை எடையைக் கீழ்நோக்கியும் தரையின் விசையை மேல்நோக்கியும் போடும். முடுக்கத்துக்குப் பக்கத்தில் தனி அம்பு. வேகம் குறைகிறது என்றால் முடுக்கம் இயக்கத்துக்கு எதிர்த்திசையில், அதாவது மேல்நோக்கி. ஆகவே தரையின் விசை எடையைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும்: 50 × (9.8 + 2) = 590 நியூட்டன். முடுக்கத்தை விசைகளோடு கலக்காமல் தள்ளி வரையப் பழக்குங்கள், பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

சூத்திர வழி வேகமானது, மறுக்க மாட்டேன். மகாராஷ்டிர மாநிலத்தின் பொறியியல் நுழைவுத் தேர்வான எம்.எச்.டி.-சி.இ.டி.யில் இயற்பியலும் வேதியியலும் சேர்த்து 100 கேள்விகள், 90 நிமிடம். ஆனால் அந்த வேகம் தேர்வு நெருங்கும்போது வந்தால் போதும்.

படத்தை நாம் வரைந்து காட்டவும் கூடாது. தப்பாக இருந்தாலும் பிள்ளையே வரையட்டும். ஒவ்வொரு அம்பையும் தொட்டு, "இந்த விசையை எந்தப் பொருள் கொடுக்குது?" என்று மட்டும் கேளுங்கள். பதில் சொல்ல முடியாத அம்பைப் பிள்ளையே அழித்துவிடும்.