வைட்டல் சிந்த்: காசு கேட்காது, சிபியு கேட்கும்

இலவச சிந்த் (கணினியில் இசை ஒலிகளை உருவாக்கும் சிந்தசைசர் மென்பொருள்) என்றால் பாதிப் பொத்தான்களைப் பூட்டிவைத்து, திறக்கக் காசு கேட்பதுதான் வழக்கம். 2020 நவம்பரில் மேட் டைட்டெல் வெளியிட்ட வைட்டலில் அந்த வேலை இல்லை. இலவசப் பதிப்பு, 25 டாலர் பிளஸ் பதிப்பு, 80 டாலர் புரோ பதிப்பு எல்லாவற்றிலும் உள்ளே ஓடும் எஞ்சின் ஒன்றுதான். காசு கொடுப்பவருக்குக் கிடைப்பது கூடுதல் பிரீசெட்டுகளும் (ஆயத்த ஒலிகள்) வேவ்டேபிள்களும் (ஒலிக்கு மூலமாகும் அலைவடிவத் தொகுப்புகள்). இலவசத்தில் 75 பிரீசெட், 25 வேவ்டேபிள் வரும். ஒலியைத் தானே செய்யத் தெரிந்தவருக்கு அது போதும். பிரீசெட்டைப் புரட்டிப் பார்த்துப் பாட்டு போடுகிறவருக்கு இரண்டே வாரத்தில் தீர்ந்துவிடும்.

அலையை உண்டாக்கும் ஆஸிலேட்டர் மூன்று, சாம்பிள் (பதிவுசெய்த ஒலி) ஓட்ட ஒரு தனி இடம், ஒலியை வடிக்கும் ஃபில்டர் இரண்டு, ஒலி எழுந்து அடங்கும் விதத்தை வகுக்கும் என்வலப் 6, குமிழ்களைத் தானே திரும்பத் திரும்ப ஆட்டும் எல்எஃப்ஓ 8, பல குமிழ்களை ஒன்றாகத் திருப்பும் மேக்ரோ 4. எந்த எல்எஃப்ஓவையும் இழுத்து எந்தக் குமிழின் மேல் போட்டாலும் ஒட்டிக்கொள்ளும். குமிழைச் சுற்றி ஓடும் வளையம், எவ்வளவு ஆடுகிறது என்பதைக் கண்ணெதிரே காட்டும். சிந்த் புதிதாகக் கற்பவருக்கு இதைவிட நல்ல வாத்தியார் கிடைப்பது கஷ்டம். என்ன நடக்கிறது என்று காட்டாத சிந்த்தில் பத்து மணி நேரம் தடவிக் கற்பதை இதில் ஒரு மணி நேரத்தில் பார்த்துக் கற்கலாம்.

வைட்டலின் தனிக்குணம் ஸ்பெக்ட்ரல் மார்ஃப். மற்ற வேவ்டேபிள் சிந்த்துகள் பெரும்பாலும் அலையின் வடிவத்தை வளைக்கும், நசுக்கும். வைட்டல் அதையும் செய்யும். அதோடு அலைக்குள் இருக்கும் ஹார்மானிக்குகளை (அடிப்படை அதிர்வெண்ணின் மடங்குகளில் ஒலிக்கும் துணை ஒலிகளை) தனியே எடுத்து இழுக்கவும் தெளிக்கவும் இடம் தரும். சாதாரண சா அலையை (ரம்பப் பல் வடிவ அலை) வைத்துக்கொண்டு இன்ஹார்மானிக் ஸ்ட்ரெச்சைக் கொஞ்சம் ஏற்றுங்கள்: மேல் ஹார்மானிக்குகள் சரியான மடங்குகளிலிருந்து விலகி, மணியோசை போன்ற உலோகச் சாயல் வந்துவிடும். எஃப்எம் (ஒரு அலையால் இன்னொன்றின் அதிர்வெண்ணை ஆட்டுவது) இல்லாமலேயே. ஸ்மியரைப் போட்டால் பல்லெல்லாம் உதிர்ந்து நீண்டு நிற்கும் மென்மையான பேட் ஒலியாகக் குழையும்.

வெளியிலிருந்து ஒலி கொண்டுவருவதும் எளிது. வேவ் கோப்பை ஆஸிலேட்டர் மேல் இழுத்துப் போட்டால் வேவ்டேபிள், வோகோட், பிட்ச் ஸ்பிளைஸ் என்று மூன்று வழி கேட்கும். ஏற்கெனவே வேவ்டேபிளாகச் செய்யப்பட்ட கோப்புக்கு (சீரம் என்ற இன்னொரு சிந்த்துக்காக விற்கப்படும் 2048 சாம்பிள் சட்டக் கோப்புகள் இந்த வகை) முதல் வழி. குரல், வயலின் மாதிரி பதிவுகளுக்கு மற்ற இரண்டு. முதல் வழியில் குரலைப் போட்டால் கரகரவென்று சத்தம்தான் வரும், அது வைட்டலின் குற்றமில்லை. சீரமின் பிரீசெட் கோப்புகள் மட்டும் இதில் திறக்காது.

எந்த அளவுக்குக் கைகொடுக்கும் என்று பார்க்க ஒரு பேஸ் (தாழ்ந்த ஒலி) செய்து பார்ப்பதே நல்ல சோதனை. மெனுவில் இனிஷியலைஸ் செய்து காலியாகத் தொடங்கவும். முதல் ஆஸிலேட்டரில் சா அலை, யூனிசன் (ஒரே அலையின் பிரதிகள்) 4, டீட்யூன் (அவற்றின் சுருதி விலகல்) 20 சதவீதம் அருகே. இரண்டாவதை இயக்கி, சைன் அலை வைத்து, லெவலைச் சுழியத்துக்கு இறக்கவும். முதல் ஆஸிலேட்டரின் வார்ப் (அலையை வளைக்கும்) பட்டியலில் இரண்டாவதிலிருந்து வரும் எஃப்எம்மைத் தேர்ந்தெடுத்து, குமிழை 10 முதல் 15 சதவீதம் வரை ஏற்றவும். லெவல் சுழியமானாலும் எஃப்எம் வேலை செய்யும். இரண்டாவது ஆஸிலேட்டரை அணைத்துவிட்டால்தான் போச்சு. மூன்றாவதில் சைன், ஓர் ஆக்டேவ் கீழே, யூனிசன் 1. இதன் வெளியீட்டை மட்டும் ஃபில்டருக்கு அனுப்பாமல் டைரக்ட் அவுட்டுக்கு மாற்றவும். அப்போதுதான் கோரஸ், டிஸ்டார்ஷன், ரிவெர்ப் எதுவும் அடி ஒலியைத் தொடாது. மேலே எவ்வளவு அகலமாகக் கலக்கினாலும் கீழே மோனோவாக உறுதியாக நிற்கும்.

இங்கே நிறையப் பேர் சறுக்கும் இடம் ஃபேஸ் ரேண்டம். தொடக்கத்தில் அது 100 சதவீதத்தில் இருக்கும்: ஒவ்வொரு முறை நோட் அடிக்கும்போதும் அலை வேறு வேறு இடத்திலிருந்து தொடங்கும். பேடுக்கு அழகு, சப் பேஸுக்கு (மிகத் தாழ்ந்த அடி ஒலிக்கு) விஷம். 50 ஹெர்ட்ஸ் அலையின் ஒரு சுற்று 20 மில்லிசெகண்ட். கிக் டிரம்மின் வாலும் அதே 50 ஹெர்ட்ஸில் இருந்து, சப் 10 மில்லிசெகண்ட் தள்ளித் தொடங்கினால் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். ஒரு அடி நெஞ்சில் இடிக்கும், அடுத்த அடி காணாமல் போகும். கம்ப்ரஸரை (ஒலியளவின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கருவி) எத்தனை அழுத்தினாலும் இது சரியாகாது. மூன்றாவது ஆஸிலேட்டரில் ரேண்டத்தை 0 ஆக்கினால் அங்கேயே தீர்ந்தது.

டைரக்ட் அவுட்டுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. வைட்டலின் உள் கம்ப்ரஸர் மூன்று பட்டைகளாகப் பிரித்து மேலும் கீழும் அழுத்தும் வகை. அதை இயக்கியதும் மேல் ஒலி வீங்கும், சப் மட்டும் பழைய அளவிலேயே நிற்கும். ஆகவே எஃபெக்டுகளை முடித்த பிறகே சப்பின் லெவலை வைக்க வேண்டும். லேப்டாப் ஸ்பீக்கரை நம்பி வைக்க வேண்டாம். 55 ஹெர்ட்ஸில் இருக்கும் ஏ நோட்டை அது பாடவே பாடாது.

வாபிள் (பேஸ் ஒலி தாளத்தில் ஆடுவது) வேண்டுமானால் முதல் எல்எஃப்ஓவை ஃபில்டரின் கட்ஆஃப் (எந்த அதிர்வெண்ணில் வடிக்க வேண்டும் என்ற குமிழ்) மேல் இழுத்து, வேகத்தை 1/8 ஆக்கவும். 140 பிபிஎம் (நிமிடத்துக்கு இத்தனை பீட்) வேகத்தில் அது சுமார் 214 மில்லிசெகண்டுக்கு ஒரு ஆட்டம். ட்ரிகர் முறையில் நோட் அடிக்கும்போதெல்லாம் எல்எஃப்ஓ முதலிலிருந்து தொடங்கும். சிங்க் முறையில் பாட்டின் ஓட்டத்தோடு ஒட்டிப் போகும். பாதி பீட்டில் நோட் வரும் இடங்களில் ஆட்டம் தாளத்தை விட்டு விலகுவதாகத் தோன்றினால் முதலில் இந்த முறையைத்தான் பார்க்க வேண்டும். எல்எஃப்ஓ படத்தில் செங்குத்தாக விழும் கோடு வரைந்து அதை வால்யூமில் இணைத்தால் டிக் டிக்கென்று கேட்கும். ஸ்மூத்தைக் கொஞ்சம் ஏற்றினால் அடங்கும்.

இனி சிபியு. இதில்தான் வைட்டல் தன் விலையை வசூலிக்கிறது. ஒரு ஆஸிலேட்டருக்கு யூனிசன் 16 வரை போகும். மூன்றையும் 16இல் வைத்து 8 வாய்ஸ் (ஒரே நேரத்தில் ஒலிக்கும் நோட்டுகள்) வாசித்தால், ஒரே நேரத்தில் 384 அலைகள். இரண்டு ஆஸிலேட்டர், யூனிசன் 7 என்றால் 112. மிக்ஸில் மற்ற டிராக்குகளோடு கேட்கும்போது இந்த வித்தியாசத்தைக் காது பெரும்பாலும் கண்டுபிடிக்காது, சிபியு மீட்டர் கண்டுபிடிக்கும். இன்னொரு மறைமுகச் செலவு ரிலீஸ் (விசையை விட்ட பிறகு ஒலி அடங்கும் நேரம்). 120 பிபிஎம்மில் ஒரு பார் (நான்கு பீட்) 2 விநாடி. பாருக்கு ஒரு நான்கு நோட் கார்டு, ரிலீஸ் 3 விநாடி என்றால் மூன்றாவது கார்டு விழும்போது முதல் கார்டின் வால் இன்னும் ஒலித்துக்கொண்டிருக்கும். மொத்தம் 12 வாய்ஸ் தேவை. தொடக்க அமைப்பு 8. வால் திடீரென்று வெட்டுப்படும். வாய்ஸை ஏற்றினால் சிபியு ஏறும். ரிலீஸை ஒன்றரை விநாடிக்குக் குறைத்து மிச்சத்தை ரிவெர்பிடம் விடுவதே புத்திசாலித்தனம்.

அட்வான்ஸ்ட் பக்கத்தில் ஓவர்சாம்பிளிங் (ஒலியைக் கூடுதல் துல்லியத்தில் கணக்கிடுவது) 1, 2, 4, 8 மடங்கு என்று இருக்கும். தொடக்கத்தில் இருக்கும் 2 மடங்கே வேலை செய்யும்போது போதும். எஃப்எம், டிஸ்டார்ஷன் அதிகம் போட்டு உயரத்தில் வாசிக்கும் லீடுகளில் மட்டும், பவுன்ஸ் செய்யும் (ஒலிக் கோப்பாக மாற்றும்) முன் 4க்கு மாற்றிக் கேட்டுப் பார்க்கலாம். சப் பேஸுக்கு 8 மடங்கு போடுவது வெட்டிச் செலவு. நான்கைந்து வைட்டல் ஏறியதும் ஒலி வெடிக்கத் தொடங்கினால், முடிந்த டிராக்குகளை ஃப்ரீஸ் செய்துவிட்டு (தற்காலிக ஒலிக் கோப்பாக்கிவிட்டு) மேலே போகலாம்.

திரையும் தனிச் சுமைதான். அசையும் படங்களையெல்லாம் ஓபன்ஜிஎல் வழியாக வரைவதால், தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத பழைய லேப்டாப்பில் ஜன்னல் திறந்திருக்கும்போதே திக்கும். திருத்தி முடித்ததும் மூடிவிடுவது நல்லது.

குறைகள் என்று பார்த்தால் ஆர்பெஜியேட்டர் (கார்டின் நோட்டுகளை ஒவ்வொன்றாக வாசிப்பது) கிடையாது, உள்ளே சீக்வென்சர் (நோட்டுகளை வரிசையாக அடுக்கி ஓட்டுவது) கிடையாது. சாம்பிள் பகுதியில் ஒரே ஒரு கோப்பு. பியானோ மாதிரி நோட்டுக்கு நோட் வேறு பதிவு வைக்க வழியில்லை. எஃபெக்டுகள் ஒரே சங்கிலி. வரிசையை இழுத்து மாற்றலாம், இரண்டு கிளையாகப் பிரிக்க முடியாது. ஏஏஎக்ஸ் என்ற பிளகின் வடிவம் இல்லாததால் புரோ டூல்ஸ் ஒலிப்பதிவு மென்பொருளில் நேரடியாக ஓடாது. புதுப்பிப்புகளும் ஆடிக்கொன்று அமாவாசைக்கொன்று. 2025இல் வந்த சீரம் 2 ஆர்பெஜியேட்டர், கிரானுலர், மல்டிசாம்பிள் என்று எல்லாவற்றையும் அடுக்கி, பழைய சீரம் வாங்கியவர்களுக்கு இலவசமாகவே போனது. பயிற்சிக் காணொளிகளும் விற்பனைக்கு வரும் பிரீசெட் தொகுப்புகளும் சீரமுக்கே அதிகம். ஆயத்த ஒலி வாங்கிப் பயன்படுத்துகிறவர்கள் அந்தப் பக்கம் போவதே நியாயம்.

நம் ஊர் இசைக்காரர்களுக்கு ஒரு சங்கதி: அட்வான்ஸ்ட் பக்கத்தில் ட்யூனிங் என்ற இடத்தில் ஸ்காலா கோப்பை (சுர இடைவெளிகளைக் குறித்துவைத்த கோப்பு) ஏற்றலாம். கீபோர்டின் அந்தர காந்தாரம் ஷட்ஜத்திலிருந்து 400 சென்ட் (கீபோர்டில் அடுத்தடுத்த இரு விசைகளுக்கு இடையே 100 சென்ட்). தம்புராவோடு இழையும் 5/4 காந்தாரம் 386. அந்த 14 சென்ட் வித்தியாசம், ட்ரோன் மேல் நீளமாக நிற்கும் பேடில் தெளிவாகவே கேட்கும். ஆனால் இந்த ட்யூனிங் ஒரே ஷட்ஜத்தோடு கட்டப்பட்டது. கட்டை மாறினால் கீபோர்டு மேப் கோப்பையும் மாற்ற வேண்டும். கமகத்துக்கு இது பதிலும் ஆகாது. அதற்கு பிட்ச் பெண்டின் எல்லையை 2லிருந்து ஏற்றிக்கொண்டு வீலில் கைப்பழக்கம் பண்ணத்தான் வேண்டும்.

நிறுவும்போது விஎஸ்டி, விஎஸ்டி3 என்ற பிளகின் வடிவங்கள் இரண்டும் வந்தால் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளவும். இரண்டும் இருந்தால் பட்டியலில் இரட்டையாகத் தெரிந்து, பழைய புராஜெக்ட் எதைத் தேடுகிறது என்ற குழப்பம் வரும். காசு கொடுத்து வாங்கும் எண்ணம் இருந்தால், இந்திய வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை முதலில் இயக்கிக்கொள்ள வேண்டும். வைட்டல் தளத்தில் கணக்குத் திறப்பதே பிடிக்காதவர்களுக்கு வைட்டாலியம் இருக்கிறது: மூல நிரல் ஜிபிஎல் என்ற திறமூல உரிமத்தில் திறந்துவிடப்பட்டதால், பெயரை மாற்றி, இணையத் தொடர்பு தேவைப்படும் பகுதிகளைக் கழற்றி வெளியான பிரதி. எழுத்தைப் பேசவைத்து வேவ்டேபிளாக்கும் வசதி அதில் இருக்காது.