பாஸ்டன் பெருமையா, நியூயார்க் பகட்டா?

19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் திமிருக்குக்கூட ஊர்ப்பெயர் உண்டு. பாஸ்டன்காரருக்குப் பழைய குடும்பமும் ஹார்வர்ட் படிப்பும் இருந்தால் போதும். அந்த வட்டத்தை 1860இல் 'பிராமணர்' என்று அழைத்தவர் எழுத்தாளர் டாக்டர் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ். அவரும் அதே வட்டம்தான். பாஸ்டன் அரசு மாளிகைதான் சூரியக் குடும்பத்துக்கே அச்சு என்று கேலி எழுதியவரும் அவரே. தன்னையே நக்கலடிக்கும் திமிரை, என்னைக் கேட்டால், சகித்துக்கொள்ளலாம்.

நியூயார்க்கில் பணம்தான் எல்லாம், அதுவும் பரம்பரைப் பணம். மதிக்கத்தக்கவர்கள் சுமார் 400 பேர்தான் என்று, மேட்டுக்குடிக்குள் யாரைச் சேர்ப்பது என்று தீர்ப்புச் சொல்லிவந்த வார்ட் மெக்காலிஸ்டர் துளிச் சிரிப்பில்லாமல் சொன்னார். 1892இல் அவருடைய பெயர்ப் பட்டியல் வெளியானபோது அந்த 400கூடத் தேறவில்லை! ரயில்வேயில் புதிதாகக் கொழித்த வாண்டர்பில்ட் குடும்பத்தாரை, அந்த மேட்டுக்குடியின் ராணியாக இருந்த திருமதி ஆஸ்டர் வெகுநாள் சட்டை செய்யவில்லை. 1883இல் அவர்கள் பிரம்மாண்டமான மாறுவேட நடன விருந்து வைத்ததும் அம்மையார் தாமே கிளம்பிப் போனார்.