மினி காரில் திரவத்தை எடுத்துவிட்டு ரப்பர் போடுபவர்கள் கவனத்துக்கு

சேலம், ஏற்காடு பக்கம் பழைய மினி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள். திரவத்தின் மேல் வண்டியைத் தாங்கும் ஹைட்ரோலாஸ்டிக் சஸ்பென்ஷனைக் கழற்றி ரப்பர் சஸ்பென்ஷன் போட்டுத் தருவதாகச் சொன்ன ஒரு பட்டறையில் ₹60,000 பறிகொடுத்திருக்கிறேன். பணத்தைவிடப் பெரிது, கொண்டை ஊசி வளைவில் உயிர் தப்பியது.

எங்களுடையது 1966 மாடல். அப்பா ஏற்காட்டில் காபித் தோட்ட மேனேஜராக இருந்தபோது வாங்கியது. 1959இல் மினி வந்தபோது ஸ்பிரிங்குக்குப் பதில் ரப்பர் கோன்தான். 1964இல் சலூன் வண்டிகளுக்குத் திரவம் வைத்தார்கள். 1969 முதல் படிப்படியாக மறுபடி ரப்பருக்கே போய்விட்டார்கள். இடைப்பட்ட வண்டிகளுக்குத்தான் இந்தத் தலைவலி. சக்கரத்துக்கு ஒன்றாக டிஸ்பிளேசர் என்ற திரவக் குடுவை இருக்கும். ஒவ்வொரு பக்கத்திலும் முன் சக்கர டிஸ்பிளேசரையும் பின் சக்கர டிஸ்பிளேசரையும் ஒரே குழாய் இணைக்கிறது. எங்கள் வண்டியில் இடது பக்கக் குழாய் கசிந்ததும் முன்னும் பின்னும் சேர்ந்து அந்தப் பக்கமே படுத்துவிட்டது. திரவத்தை அழுத்தி ஏற்றும் பம்ப் சேலத்தில் எங்கு தேடியும் கிடைக்கவில்லை. அதனால் ரப்பருக்கு மாற்றுவது சரியான முடிவுதான். இன்றும் அதையே சொல்வேன்.

மாற்றிய விதம்தான் அநியாயம். "ஷாக்கப்சர் எதுக்குங்ணா? இந்த வண்டிக்குக் கம்பெனியே போடலீங்களே, நீங்களே பாருங்க" என்று வண்டிக்கடியில் டார்ச் அடித்துக் காட்டினார் பட்டறைக்காரர். கம்பெனி தனியாகப் போடாதது உண்மை. ஏன் போடவில்லை? குலுக்கலை அடக்கும் வால்வு டிஸ்பிளேசருக்கு உள்ளேயே இருக்கிறது. டிஸ்பிளேசர் வெளியே வந்தால் ஷாக்கப்சரும் கூடவே வெளியே வந்துவிட்டது என்று அர்த்தம். நாலு சக்கரத்துக்கும் புதிதாக ஷாக்கப்சர், அதை மாட்டுவதற்கான பிராக்கெட், ஷாக்கப்சரைக் கோக்கும் முளை வைத்த ஆர்ம் எல்லாம் வேண்டும். சஸ்பென்ஷனைத் தாங்கும் இரும்புச் சட்டமான சப்ஃபிரேமே இரண்டு வகைக்கும் வேறு வேறு. இது தெரிந்த மெக்கானிக் 'வெறும் ரப்பர் போதும்' என்று சொல்லவே மாட்டார்.

அடிவாரம் தாண்டி ஏறும்போதே வண்டி துள்ள ஆரம்பித்தது. இறங்கும்போது ஒரு வளைவில் சின்னப் பள்ளம்தான். மூக்கு எழும்பிக் குதித்து, அடங்காமல் மறுபடி குதித்து, ஸ்டீயரிங் பிடிக்கு வராமல் தடுப்புச் சுவரை ஒட்டிப் போய் நின்றோம். பக்கத்தில் மனைவி, பின்னால் பிள்ளைகள்.

வேறு மெக்கானிக்கிடம் பிரித்துப் பார்த்தோம். ரப்பர் கோன் என்று பில் போட்ட இடத்தில் லேத்தில் கடைந்த கறுப்பு ரப்பர் கட்டை இருந்தது. ஓரத்தில் நூல் இழை பிசிறிக்கொண்டு நின்றது. கன்வேயர் பெல்ட்டை அடுக்கி ஒட்டியிருக்கிறார்கள். அசல் கோனில் ரப்பர் இரண்டு இரும்புத் தகடுகளுக்கு நடுவே வார்த்து ஒட்டியிருக்கும். நடுவில் மரை இருக்கும், அழுத்தி மாட்டும் கருவியை அதில்தான் முடுக்குவார்கள். சாமானைக் கையில் வாங்கி அந்தத் தகட்டையும் மரையையும் பார்த்த பிறகே வண்டியைப் பிரிக்க விடுங்கள்.

இன்னொன்று. அந்தத் திரவம் 260 பிஎஸ்ஐ-க்கும் மேல் அழுத்தத்தில் இருக்கும். வால்வில் இறக்காமல் குழாய் நட்டில் ஸ்பானர் வைக்கிற ஆளிடம் வண்டியை விடாதீர்கள். எங்கள் வண்டியில் அப்படித்தான் கழற்றினார்களாம், அங்கே வேலை பார்த்த பையனே பிறகு சொன்னான். அவன் முகத்தில் பீய்ச்சி அடிக்காதது தெய்வச் செயல்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன், "சாமானுக்கே போயிடுச்சுங்ணா" என்றார். பழைய டிஸ்பிளேசர்களைக் கேட்டால் ஆக்கருக்குப் போட்டாச்சு என்கிறார். நம்பவில்லை. நாலில் மூன்று நன்றாகவே இருந்தன, இதற்குத் தேடி வாங்குகிற ஆட்கள் உண்டு. நுகர்வோர் ஆணையத்தில் புகார் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு டிஸ்பிளேசரின் மேலும் அப்பா வெள்ளைப் பெயிண்டில் தமிழில் 'இ.மு', 'இ.பி', 'வ.மு', 'வ.பி' என்று எழுதியிருப்பார். அப்படி எழுதிய டிஸ்பிளேசர் விலைக்கு வந்தால் வாங்காதீர்கள், எனக்குத் தகவல் சொல்லுங்கள்.