எக்ஸ்எம்எல் சீரியலைசரும் வாரிசுப் பிரச்சினையும்: எட்டு வருட அனுபவம்

ஒரு பில்லிங் மென்பொருளைப் பராமரிப்பது என் வேலை. பில்களை ஃபைலில் எழுதுவதும் படிப்பதும் மைக்ரோசாஃப்டின் டாட்நெட்டில் உள்ள எக்ஸ்எம்எல் சீரியலைசர்தான். புரோகிராமில் இருக்கும் ஆப்ஜெக்டை எக்ஸ்எம்எல் ஆக்கி எழுதுவதும், திரும்ப ஆப்ஜெக்டாக்குவதும் அதன் வேலை. சாதாரண கிளாஸ் (ஆப்ஜெக்டின் வார்ப்பு) வரைக்கும் தொல்லையே இல்லை. இன்ஹெரிட்டன்ஸ், அதாவது ஒரு கிளாஸ் இன்னொன்றின் வாரிசாவது, வந்ததும் முரண்டு பிடிக்கும்.

பேமென்ட் என்று ஒரு பேஸ் கிளாஸ் (அப்பன் கிளாஸ்). அதன் வாரிசுகள் கார்டு, செக். பில்லில் பேமென்ட் லிஸ்ட். ஓட்டினால் ஆவணத்தை உருவாக்குவதில் பிழை என்று மொட்டையாக ஒரு எக்செப்ஷன். அதை முறைத்துப் பார்த்து அரை நாள் போனது. விஷயம் அதற்குள் ஒளிந்திருந்த இன்னர் எக்செப்ஷனில் இருந்தது: கார்டு என்ற டைப்பை எதிர்பார்க்கவில்லை, எக்ஸ்எம்எல் இன்க்ளூட் போடு. இன்ன வாரிசு உண்டு என்று சொல்லும் அந்தக் குறிப்பைப் பேஸ் கிளாஸின் தலையில் வாரிசுக்கு ஒன்றாகப் போட்டதும் சரியானது. ஃபைலில் எக்ஸ்எஸ்ஐ டைப் என்ற அட்ரிபியூட்டில் வாரிசின் பெயர் வந்துவிடும். படிக்கும்போது எந்த ஆப்ஜெக்ட் என்பதற்கு அதுதான் அடையாளம்.

அப்பன் கிளாஸில் பிள்ளைகள் பெயரை எழுதிவைப்பது எனக்குப் பிடிக்கவில்லை. வாரிசு டைப்களைச் சீரியலைசரை உருவாக்கும் கன்ஸ்ட்ரக்டரிலேயே கொடுத்தேன். அழகாக ஓடியது, சர்வரின் மெமரி ஏறிக்கொண்டே போவதைக் கவனிக்கும்வரை. சீரியலைசர் ஓடும்போதே தனக்கென ஓர் அசெம்பிளியை (கம்பைல் ஆன கோடு) உருவாக்கிக்கொள்கிறது. டைப் மட்டும், அல்லது டைப்பும் நேம்ஸ்பேஸும் வாங்கும் கன்ஸ்ட்ரக்டர் என்றால் அதையே திரும்பப் பயன்படுத்தும். மற்றவற்றில் ஒவ்வொரு முறையும் புதிது. பழையது மெமரியிலேயே கிடக்கும். ஒரே சீரியலைசரை ஸ்டாட்டிக்காக வைத்து எப்போதும் அதையே பயன்படுத்தியதும் அடங்கியது.

பெரிய அடி மூன்றாம் வருடம். கார்டு என்ற பெயரை கார்டுபேமென்ட் என்று மாற்றினேன். கம்பைல் ஆனது, டெஸ்ட் பாஸானது, பழைய பில் ஒன்றுகூடத் திறக்கவில்லை! ஃபைலில் இருந்தது பழைய பெயர் அல்லவா. கிளாஸின் தலையில் எக்ஸ்எம்எல் டைப் என்ற குறிப்பைப் போட்டு, அதில் பழைய பெயரைக் கொடுத்துத் தப்பித்தேன். இப்போது முதல் நாளே அதைப் போட்டுவிடுகிறேன்.

அப்புறம், வாரிசு டைப்பைக் கொடுத்து எழுதிவிட்டு பேஸ் டைப்பால் படிக்காதீர்கள். ஃபைலின் வெளிக்கூடான ரூட் எலிமென்டின் பெயர் ஒத்துப்போகாமல் (2, 2), அதாவது இரண்டாம் வரி இரண்டாம் எழுத்து, என்ற இடத்தில் பிழை என்று வரும். ஃபைலே கெட்டுவிட்டது என்று நினைத்துவிடுவோம்.

இன்றைக்கும் புது வாரிசு எழுதினால் அதைச் சீரியலைசருக்குச் சொல்ல மறக்கிறேன். அதற்காகவே எல்லா வாரிசுகளையும் எழுதிப் படித்துப் பார்க்கும் டெஸ்ட் ஒன்று வைத்திருக்கிறேன். போன மாதம்கூடச் சிவப்பு காட்டியது.